காப்பும் கூட்டுறவும்: பாக்குநீரிணையை முன்வைத்து ஓர் அறவியல் நோக்கு

இரு நாடுகள் தம்முள் நட்புப் பூண்டு, தத்தம் காப்பையும் பொருள்வளத்தையும் கூட்டாகப் பேண முற்படுமிடத்து, அதனை நன்றென்றே உலகங் கொள்ளும். பகையினும் நட்புச் சிறந்தது என்பதற்குச் சான்று வேண்டுவதில்லை. ஆயினும், ‘நாடு’ என்னுஞ் சொல் ஈண்டு யாரைக் குறிக்கின்றது என்ற வினா எழும்போது அத்தெளிவு சற்றே மங்குகின்றது. ஒப்பந்தத்தால் வரும் ஆக்கம் தலைநகரிற் சேர, அதனால் வரும் இழப்பு எல்லையில் வாழ்வோரைச் சாருமாயின், அவ்வொப்பந்தம் அறத்தின்பாற் படுமா? ஒரு நாட்டின் காப்பு என்பது அதன் எல்லையில் வாழ்பவனின் காப்பையும் உள்ளடக்கியதா? அன்றி, அக்காப்பிற்காகக் கொடுக்கப்படும் விலைதான் அவனா? இவ்வினாக்களை இந்திய-இலங்கை உறவை, சிறப்பாகப் பாக்குநீரிணைக் கடற்றொழிலை, முன்வைத்து ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

துறையும் எல்லையும்

இலங்கைத் தீவின் வடகோடியிலமைந்த நகரம் பருத்தித்துறை. அங்கிருந்து கொழும்புக்குத் தரைவழித் தூரம் 400 கிலோமீற்றருக்கு மேற்படும். எதிர்க்கரையிலுள்ள கோடியக்கரைக்கோ கடல்வழித் தூரம் ஏறத்தாழ 65 கிலோமீற்றரே. பருத்தி ஏற்றுமதியான துறை என்பதாலேயே ஊர் அப்பெயர் பெற்றது என்பர். அயலிலுள்ள வல்வெட்டித்துறையில் வேம்பு முதலிய மரங்களாற் கட்டப்பட்ட பாய்க்கப்பல்கள் தமிழகத்துத் துறைகளுக்கும் பர்மாவுக்கும் சென்று மீண்டன. அவ்வூரிற் கட்டப்பட்ட அன்னபூரணி என்ற கப்பல் 1938ஆம் ஆண்டில் அத்திலாந்திக் கடலைத் தாண்டி அமெரிக்காவின் குளொஸ்ரர் துறையை அடைந்தமை வரலாறு. இத்தகைய கரைக்குக் கடல் என்பது பிரிக்கும் எல்லையன்று; இணைக்கும் வழியாகவே அது நெடுங்காலம் விளங்கிற்று.

ஆனால் அரசுகளின் நோக்கிற் கடல் வேறொரு பொருள் பெறுகின்றது. வரைபடத்தில் ஒரு கோடு வீழ்ந்தவுடன் நேற்றுவரை வழியாயிருந்தது இன்று வேலியாகின்றது. நேற்று வணிகமென்றிருந்தது இன்று கடத்தல் எனப் பெயர் பெறுகின்றது. தன் எல்லையை வரையறுக்கும் உரிமை ஒவ்வோர் அரசுக்கும் உண்டு. எனவே கோடு வரைந்தமை குற்றமென்பது இங்கு வாதமன்று. கோட்டை வரைந்தவர்கள் அதன் இருமருங்கும் வாழ்ந்தோரை எவ்வாறு கருதினர் என்பதே வினா.

ஒப்பந்தங்களின் உருவம்

இரு நாடுகளுக்குமிடையே ஏற்பட்ட உடன்பாடுகளைத் தொடர்ச்சியாக நோக்குமிடத்து அவற்றிற்குப் பொதுவான ஓர் இயல்பு புலனாகும். 1964 ஒக்ரோபர் 30இற் கைச்சாத்தான சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் நாடற்றவராயிருந்த 9,75,000 இந்திய வம்சாவளி மக்களின் எதிர்காலத்தைத் தீர்மானித்தது. 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்பதென்றும், எஞ்சிய 1,50,000 பேர் பற்றிப் பின்னர் முடிவு செய்வதென்றும் அது கூறிற்று. 1974ஆம் ஆண்டில் அவ்வெச்சமும் இரு சமபாதிகளாகப் பகிரப்பட்டது. தேயிலைத் தோட்டங்களில் உழைத்த குடும்பங்கள் யாரோடு, எங்கே வாழ விரும்பின என்பதற்கு முன்னரே எண்ணிக்கைகள் முடிவாகிவிட்டன. நல்லுறவை நாடி இரு அரசுகள் செய்த கணக்கு அது. கணக்கில் மனிதர் இலக்கங்களாயினர்.

1974 யூன் மாதத்திற் செய்யப்பட்ட உடன்பாடு பாக்குநீரிணையின் எல்லைக்கோட்டை வரையறுத்தது. அதன்படி கச்சதீவு இலங்கைப் பக்கத்தில் அமைந்தது. இந்திய மீனவரும் யாத்திரிகரும் முன்போல் அத்தீவுக்குச் சென்றுவரலாம் என்றும், இரு நாட்டுக் கலங்களும் மற்றையதன் நீர்ப்பரப்பில் மரபாகத் துய்த்துவந்த உரிமைகளைத் தொடர்ந்து துய்க்கும் என்றும் அதிற் கூறப்பட்டது. இரண்டே ஆண்டுகளின் பின், 1976 மார்ச்சு 23இல், மன்னார் வளைகுடாவிலும் வங்காள விரிகுடாவிலும் எல்லை வகுக்கப்பட்டபோது பரிமாறப்பட்ட கடிதங்கள், ஒரு நாட்டு மீனவர் மற்ற நாட்டு நீர்ப்பரப்பில் வெளிப்படையான அனுமதியின்றி மீன்பிடித்தலாகாது என்றன. கன்னியாகுமரிக்கு அப்பாலுள்ள வளமிக்க வாட்ஜ் கடல்மேடு இந்தியாவுக்குரியதாயிற்று. இலங்கைக் கலங்களுக்கு அங்கு மூன்றாண்டுத் தவணையே வழங்கப்பட்டது. ஆக, இரு அரசுகளும் தத்தம் மீனவரின் உரிமையுள் ஒருபகுதியைக் கொடுத்தே சமநிலை கண்டன. கொடுத்தவர் அரசினர், இழந்தவர் மீனவர்.

காப்புப் பற்றிய உடன்பாடுகளிலும் இவ்வியல்பே காணப்படுகின்றது. 1987 மே 26இல் வடமராட்சியில் இலங்கைப் படையினரின் பெருந்தாக்குதல் தொடங்கிற்று. யூன் 4இல் இந்திய வானூர்திகள் யாழ்ப்பாணக் குடாநாட்டில் உணவுப்பொதிகளை இட்டன. யூலை 29இல் இந்திய-இலங்கை ஒப்பந்தம் கைச்சாத்தாயிற்று. ஒப்பந்தத்தோடு பரிமாறப்பட்ட கடிதங்கள், இந்திய நலனுக்கு ஊறு விளைக்குமாறு திருகோணமலை முதலிய துறைமுகங்கள் எந்நாட்டின் படைத்தேவைக்கும் அளிக்கப்படலாகாது என்றும், திருகோணமலையின் எண்ணெய்க்குதங்கள் கூட்டு முயற்சியாகச் சீரமைக்கப்படும் என்றும் கூறின. காப்பும் பொருளியலும் ஒரே தாளில் இணைந்தன. எனினும் அதே ஆண்டு ஒக்ரோபரிற் குடாநாடு மீண்டும் போர்க்களமாயிற்று; 1990 மார்ச்சில் இந்தியப் படை திரும்பிச் சென்றது. மக்களின் அச்சத்தைத் தொட்டுத் தொடங்கிய உடன்பாடு துறைமுகங்கள் பற்றிய வாசகங்களில் உறுதியாயும், மக்களின் வாழ்வு பற்றிய வாசகங்களில் நலிந்தும் நின்றது.

1998இற் கைச்சாத்தாகி 2000ஆம் ஆண்டில் நடைமுறைக்கு வந்த தடையில்லா வணிக உடன்பாடும், 2022இன் பொருளாதார நெருக்கடியின்போது இந்தியா வழங்கிய ஏறத்தாழ 400 கோடி டொலர் உதவியும், 2025 ஏப்பிரல் 5இற் கொழும்பிற் கைச்சாத்தான பாதுகாப்புக் கூட்டுறவுப் புரிந்துணர்வும் இத்தொடரின் அண்மைக் கண்ணிகள். இவற்றின் பயனை மறுப்பது நன்றியின்மையாகும். எரிபொருளும் மருந்துமின்றி ஒரு நாடு தவித்த காலத்தில் அயலவர் நீட்டிய கை சிறிதன்று. அவ்வாறே, தன் தென்கரைக்கு எதிரே மூன்றாம் நாடொன்றின் படைநிழல் விழாதிருத்தல் வேண்டுமென இந்தியா கருதுவதும் இயல்பே. நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு ஆகியவற்றில் மின்னுற்பத்தித் திட்டத்தை முதலிற் பெற்ற சீன நிறுவனத்தின் இடத்தில், 2022இல் இந்திய உதவித்திட்டம் வந்தமைந்ததை இவ்வகையில் விளங்கிக்கொள்ளலாம். ஆயினும், தீவுகளில் யார் மின்கலம் நாட்டுவது என்பதில் இத்துணை விரைவு காட்டிய அரசுகள், அத்தீவுகளைச் சூழ்ந்த கடலில் யார் எவ்வாறு வலையிடுவது என்பதில் அரை நூற்றாண்டாக முடிவு காணாதிருப்பது ஏன்? இவ்வேறுபாட்டிலேதான் நம் வினாவின் கூர்மை அமைந்துள்ளது.

கடல் வற்றாததா?

1609இல் வெளிவந்த கடலின் சுதந்திரம் பற்றிய நூலில் ஒல்லாந்தச் சட்ட அறிஞர் குரோசியஸ், கடல் எவர்க்கும் உடைமையாகாது என வாதிட்டார். ஒருவர் பயன்படுத்துவதாற் பிறர்க்குக் குறையாத பொருளை எவரும் தமதாக்க வேண்டியதில்லை என்பது அவர்தம் வாதத்தின் அடிப்படை. பாய்மரக் கலங்களின் காலத்தில் அது பொருந்தியிருக்கலாம். இழுவைமடியின் காலத்தில் அவ்வடிப்படை தகர்ந்துவிட்டது.

இழுவைமடி கடலடியைத் தொட்டு இழுக்கப்படுவது. வாயை விரித்துப்பிடிக்கும் இரு பலகைகளும் கனமேற்றிய அடிக்கயிறும் நிலத்தை உழுது செல்ல, கூம்பான மடியின் சிறுகண் முனையில் இறாலோடு குஞ்சும் முட்டையும் தாவரமும் ஒருங்கே சேர்கின்றன. ஆழங்குறைந்த கடலில் இதனால் விளையும் அழிவு பெரிது. இறாலுக்கு வெளிநாட்டுச் சந்தை விரிந்த 1960களிலிருந்து தமிழகக் கரையில் அரசின் ஊக்குவிப்போடு இத்தொழில் வளர்ந்தது. அக்கரையின் வளம் குன்றக் குன்ற, படகுகள் எதிர்க்கரையை நாடின. இராமேசுவரம் பகுதிப் படகுகள் நெடுந்தீவு வரையும், நாகப்பட்டினம், காரைக்கால் படகுகள் வடமராட்சிக் கரை வரையும் வரலாயின. சிறு கண்ணாடியிழைப் படகில் மாலையிற் சென்று வலைவிரித்துக் காத்திருக்கும் வடமராட்சி மீனவரின் வலை, அவ்வழியே இழுத்துச் செல்லப்படும் மடியில் அகப்பட்டால் ஒரே இரவில் அறுந்துபோகின்றது. அவ்வலை பெரும்பாலும் கடன்பட்டு வாங்கியது.

ஆகவே கடல் வற்றாதது என்ற எண்ணத்தில் நின்று எழுப்பப்படும் ‘கடல் எல்லோர்க்கும் பொது’ என்ற முழக்கம், உண்மையில் ‘வலியோர்க்கு உரியது’ என்ற பொருளையே தருகின்றது.

மரபுரிமை என்னும் வாதம்

எதிர்க்கரையினர் முன்வைக்கும் வாதங்களுள் வலிமை மிக்கது மரபுரிமை பற்றியதாகும். தம் முன்னோர் தலைமுறை தலைமுறையாக அக்கடலில் மீன்பிடித்தனர். தம்மைக் கேளாது வரையப்பட்ட கோடு அவ்வுரிமையை எவ்வாறு அழிக்கும் என்பது அவர் கேள்வி. இதனை எளிதில் ஒதுக்குதல் நேர்மையாகாது. கேளாது எடுத்த முடிவு என்ற குறை உண்மையானதே.

ஆனால் உரிமை இடத்தைப் பற்றியதா, செயன்முறையைப் பற்றியதா என்பதை ஆராய்தல் வேண்டும். பாயும் துடுப்பும் கொண்டு சென்று சிறுவலை வீசிய வழக்கத்திலிருந்து பிறந்த உரிமை, அவ்வழக்கத்தின் அளவையே தன் அளவாகக் கொள்ளும். அயலான் கிணற்றில் குடத்தால் நீர் மொண்ட வழக்கம் பொறிகொண்டு கிணற்றை வற்றச்செய்யும் உரிமையைத் தராது.

இதற்கு மறுப்பொன்று எழலாம். வடமராட்சி மீனவரும் வெளியிணைப்பு இயந்திரமும் நைலோன் வலையும் கையாள்கின்றனரே. அதுவும் மரபன்றே எனலாம். மறுப்பு நியாயமானது. எனவே பழமை-புதுமை என்பது அளவுகோலாகாது. ஆங்கில மெய்யியலார் லொக் உடைமையுரிமைக்கு விதித்த வரம்பு இங்குத் துணைசெய்யும்: பொதுவிலிருந்து ஒருவர் எடுத்தபின்னும் ஏனையோர்க்குப் போதிய அளவும் அதே தரமும் எஞ்சியிருத்தல் வேண்டும். எத்தொழில் முறை தன்னைப்போன்ற பிறரின் உரிமையை எஞ்சவிடுகின்றதோ அதுவே உரிமையெனத் தக்கது. இவ்வளவுகோல் கரை பார்த்து மாறுவதன்று. குருநகர் முதலிய இடங்களில் உள்ளூராரே இழுவைமடி கையாண்டபோது அதற்கும் இதுவே பொருந்திற்று. 2017ஆம் ஆண்டின் சட்டத்தால் இலங்கை இழுவைமடித் தொழிலைத் தன் மக்களுக்கும் தடைசெய்தமை இவ்வகையில் நேரியது.

மற்றொன்றும் கருதத்தக்கது. போர்க்காலத்தில் வடபகுதி மீனவர் கடல்வலயத் தடைகளாலும் இடப்பெயர்வாலும் கரையில் முடங்கினர். அவ்வெற்றிடத்தில் இழுவைப்படகுகள் தடையின்றித் தொழில் செய்தன. 2009இற் போர் முடிந்து அவர்கள் மீண்டபோது, தம் கடலிற் பிறர் வழக்கம் ஊன்றியிருக்கக் கண்டனர். நெடுநாள் நுகர்வால் உரிமை பிறக்கும் என்பது உண்மையே. ஆனால் உரியவன் விரும்பி வாளாவிருந்த இடத்திலேயே அது பிறக்கும். வாய் கட்டப்பட்டவனின் மௌனம் சம்மதமாகாது.

கச்சதீவை மீளப் பெறின் யாவும் தீரும் என்போரும் உளர். 1974இன் முடிவு சரியோ பிழையோ என்பது ஒருபுறமிருக்க, 285 ஏக்கர் அளவான அத்தீவு கைமாறினாலும் நெடுந்தீவுக் கரையும் வடமராட்சிக் கரையும் இடம்பெயரா. சிக்கல் மண்ணைப் பற்றியதன்று, மடியைப் பற்றியது.

இரு கரையின் இழப்பு

இவ்வாறு கூறுவதால் எதிர்க்கரையில் நிற்பவர் அனைவரும் குற்றவாளிகள் என்பது பெறப்படாது. இழுவைப்படகிற் செல்பவருட் பலர் கூலித் தொழிலாளர். படகு பிறருடையது, எங்குச் செல்வது என்பதும் பெரும்பாலும் பிறர் முடிவே. 2024ஆம் ஆண்டில் மட்டும் 500க்கும் மேற்பட்ட இந்திய மீனவர் இலங்கைக் கடற்படையாற் கைதாயினர். சிறையிலிருந்தோர் படகில் உழைத்தோரே. இறாலின் விலையைப் பெற்றோர் கரையில் இருந்தனர். செயலின் பயனை ஒருவர் துய்க்க, தண்டத்தை இன்னொருவர் ஏற்பின் அதனை முழுமையான நீதியெனல் அரிது.

உயிரிழப்பிலும் இரு கரைகளும் ஒத்தே நிற்கின்றன. 2021 ஒக்ரோபரில் இலங்கைக் கடற்படைக் கலத்தோடு படகு மோதி மூழ்கியதிற் கோட்டைப்பட்டினத்து மீனவர் ஒருவர் மாண்டார். 2022 சனவரி இறுதியிற் கடலுக்குச் சென்ற வத்திராயன் மீனவர் இருவர் சடலங்களாகக் கரையொதுங்கினர். இழுவைப்படகு மோதியதே காரணம் எனக் கூறி வடமராட்சி மீனவர் பருத்தித்துறைக்கு அணித்தான சுப்பர்மடத்தில் வீதியை மறித்துப் போராடினர். 2024 யூனில் இழுவைப்படகொன்றைக் கைப்பற்ற முனைந்த இலங்கைக் கடற்படையினர் ஒருவர் உயிரிழந்தார். அவ்வாண்டு ஓகத்தில் நெடுந்தீவுக் கடலில் இராமேசுவரம் மீனவர் ஒருவர் மாண்டார். இந்நால்வகைத் துயரையும் ஒரே துலையில் இட்டு நிறுக்கும் ஒருவன், எவரையும் பகைவரெனச் சுட்டத் தயங்குவான். ஒரே மொழி பேசி, ஒரே கடலன்னையை வணங்கி, ஒரே வறுமையிற் பிறந்த இரு சாரார் ஒருவர்க்கொருவர் அச்சமாயினர். அரசுகளிடையே நட்பு ஓங்கிய ஆண்டுகளிலேயே இது நிகழ்ந்தது என்பதுதான் முரண்.

எனினும் இரக்கம் நடுவுநிலையைக் குலைத்தலாகாது. இரு சாராரும் வறியர் என்பதால் இரு சாராரின் செயலும் ஒன்றாகிவிடாது. ஒருவரின் தேவை மற்றவரின் வாழ்வாதாரத்தை அழிக்கும் உரிமையாக மாறாது. அத்தேவையைத் தீர்க்கும் கடமை, அத்தொழிலை ஊக்குவித்து வளர்த்த அரசுக்கும், அதனாற் பொருளீட்டியோர்க்குமே முதற்கண் உரியது. 2017இல் இழுவைப்படகுகளுக்கு ஈடாக ஆழ்கடற் படகுகளை வழங்குவதற்கு இந்தியா தொடங்கிய திட்டம் இக்கடமையை ஏற்றுக்கொண்டதன் அடையாளம். ஏற்றுக்கொண்ட கடமை நிறைவேறும்வரை அது கடனாகவே நிற்கும்.

காப்பு என்பது யாது?

அரசின் தோற்றத்தை அச்சத்திற் கண்ட ஹொப்ஸ், உயிர்க்காப்பின் பொருட்டே மனிதர் அரசுக்குப் பணிகின்றனர் என்றார். அக்கொள்கையை ஏற்பினும், தன் உயிரையும் தொழிலையும் காவாத ஏற்பாட்டிற்கு எல்லைப்புற மீனவன் ஏன் பணிதல் வேண்டும் என்ற வினா அதனுள்ளேயே எழுகின்றது. வள்ளுவர் ‘நாடு’ என்ற அதிகாரத்திற் பசியையும் பிணியையும் பகையையும் ஒருங்கே வைத்து எண்ணினார். பகையற்றிருத்தல் காப்பெனின் பசியற்றிருத்தலும் காப்பே என்பது அவ்வைப்புமுறையின் உட்கிடை. வெற்று வலையோடு விடியற்காலையிற் கரைசேர்பவனிடம் நாட்டின் கடல் பாதுகாப்பாயுள்ளது என்று கூறின், அக்கூற்றின் பொருள் அவனுக்கு விளங்கப்போவதில்லை.

இங்கு அரசியலார் ஓர் எதிர்வாதம் கூறுவர்: அயல்நாட்டு உறவு நுண்ணியது, ஒவ்வொரு கரையூரின் குரலுக்கும் செவிசாய்க்கின் எவ்வுடன்பாடும் முடியாது, பெருநன்மைக்காகச் சிறுதீமையைப் பொறுத்தலே அரசியல் அறம் என்பது அது. இவ்வாதத்திற் கொஞ்சம் உண்மை உண்டு. ஆனால் பொறுப்பவன் யார், பொறுக்கச் சொல்பவன் யார் என்பதை அது மறைக்கின்றது. தன் இழப்பைத் தான் பொறுப்பது சான்றாண்மை. பிறன் இழப்பைத் தான் பொறுப்பது எளிது. ஜெர்மானிய மெய்யியலார் காந்த் கூறிய சோதனை ஈண்டுப் பயன்படும்: பிறர் உரிமையைத் தொடும் ஒரு செயலின் நோக்கம் வெளிப்படையாகச் சொல்லப்படுதலைத் தாங்காதெனின், அச்செயல் நீதியற்றது. 2025இன் பாதுகாப்புப் புரிந்துணர்வு கைச்சாத்தானபோது அதன் முழு வாசகம் மக்கள்முன் வைக்கப்படவில்லை. படைத்துறை மறைபொருள்கள் சில இருத்தல் கூடும். ஆனால் யாருடைய கடலில் யார் காவல் என்பதை அக்கடலால் வாழ்பவன் அறியாதிருத்தல் தகுமா?

மீனவர் குரலுக்கு இடமளித்தல் இயலாத செயலுமன்று. 2004ஆம் ஆண்டிலும் 2010இலும் 2014இலும் இரு கரை மீனவர் பிரதிநிதிகளும் நேருக்கு நேர் அமர்ந்து பேசினர். 2010இன் பேச்சில், இழுவைமடியைக் குறித்த காலத்துட் கைவிடுதல், அதுவரை குறித்த நாட்களில் மட்டும் தொழில் செய்தல் என்றவாறு இணக்கமும் எட்டப்பட்டது. அரசுகளின் ஒப்புதலும் செயற்படுத்தும் வலுவும் இன்றி அது காற்றிற் கலந்தது. பொதுவளத்தைப் பயன்படுத்துவோர் தாமே விதிவகுத்துக் காக்கும் ஆற்றலுடையர் என்பதை உலகின் பல பாகங்களிலிருந்தும் சான்று காட்டி நிறுவிய எலினோர் ஒஸ்ரம், அதற்காக 2009இல் நோபெல் பரிசு பெற்றார். அத்தகைய விதிகள் நிலைப்பதற்கு அவர் கண்ட நிபந்தனைகளுள் ஒன்று, மேலுள்ள அரசு அவற்றை மதித்தல். பாக்குநீரிணையிற் குறைந்தது அதுவே. 1982இன் ஐக்கிய நாடுகள் கடற்சட்டமும் ஓரளவு அடைபட்ட கடல்களைச் சூழ்ந்த நாடுகள் உயிர்வளத்தைப் பேணுவதில் ஒத்துழைக்க முயலுதல் வேண்டும் என்கின்றது. எனவே மீன்வளத்தைக் கூட்டாகக் காத்தல் கூட்டுறவின் இறுதி அலங்காரமன்று, அதன் முதற்படி.

முடிவு

மேற்கூறியவற்றிலிருந்து மூன்று கருத்துகள் பெறப்படும். முதலாவது, காப்பும் பொருள்வளமும் இருவேறு துறைகளல்ல. எல்லையில் வாழ்பவனின் வாழ்வில் அவை ஒன்றே. இரண்டாவது, பொதுக்கடலில் உரிமை என்பது பிறரின் ஒத்த உரிமையை எஞ்சவிடும் அளவிற்கே செல்லும். கடலடியை உழும் மடிக்கு எந்நாட்டிலும் எக்கரையிலும் அவ்வுரிமை இல்லை. மூன்றாவது, ஓர் உடன்பாட்டின் விலையைக் கொடுப்பவன் அதன் அவையில் இருத்தல் வேண்டும். அவன் இல்லாத அவையில் எட்டிய நட்பு அரசுகளின் நட்பாகலாம், நாடுகளின் நட்பாகாது.

யாழ்ப்பாணத்திற்கும் சென்னைக்குமிடையே 2019இல் மீண்டும் வானூர்தி பறந்தது. நாகப்பட்டினத்திற்கும் காங்கேசன்துறைக்குமிடையே 2023இற் பயணிகள் கப்பல் ஓடத் தொடங்கிற்று. பழைய வழிகள் திறக்கின்றன என்பது மகிழ்ச்சிக்குரியது. ஆனால் பகலிற் கப்பல் நட்போடு கடக்கும் அதே நீரில் இரவில் ஒருவன் வலை அறுபடுமாயின், அந்நட்பின் கணக்கு இன்னும் முடியவில்லை. இரு நாடுகளின் கூட்டுறவு எத்துணை உயர்ந்தது என்பதை அளக்கக் கொழும்புக்கும் தில்லிக்கும் செல்ல வேண்டியதில்லை. பருத்தித்துறைக் கரையிலும் நாகப்பட்டினக் கரையிலும் விடியலில் வந்திறங்கும் படகுகளுள் எவ்வளவு மீன் இருக்கின்றது, சென்றவர் அனைவரும் திரும்பினரா என்று கேட்டறிதல் போதும்.